ஜனாஸா அறிவித்தலையும் படமாகத்தான் போட வேண்டுமா?

உறவுகளே, ஒரு வேண்டுகோள். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஜனாஸா அறிவித்தல், நீர்வெட்டு, பெற்றோர் கூட்டம் எல்லாமே இப்போது பூப்போட்ட போஸ்டராகத்தான் வருகின்றன. பார்வையற்ற ஒருவரின் போன் அதைத் தொட்டதும் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். மௌத்தானவர் யார், நல்லடக்கம் எத்தனை மணிக்கு, ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"கண் தெரியாதவர் போன் பாவிப்பாரா?" என்று படித்த ஒருவரே என்னிடம் கேட்டார். தாராளமாகப் பாவிப்பார். அண்ட்ரொய்டில் டோக்பேக், ஐபோனில் வொய்ஸ்ஓவர். விரல் படும் இடத்தில் உள்ளதைத் தமிழிலும் வாசிக்கும். கணினிக்கு என்விடிஏ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 2006இல் மைக்கல் கரன் என்ற அவுஸ்திரேலியர் தொடங்கியது. அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டேயும் அவரைப் போலவே பார்வையற்றவர். இப்படியான மென்பொருட்கள் நம்மால் தொட முடியாத விலைக்கு விற்ற காலத்தில் அவர்கள் இலவசமாகவே கொடுத்தார்கள். அதில் வரும் தமிழ்க் குரல் ரோபோ பேசுவது மாதிரித்தான். ஆனால் பழகியவர்கள் அதை ஓடவிட்டுக் கேட்கும் வேகத்துக்கு நம் காது ஈடுகொடுக்காது.

ஆசிரியர்களாகிய நாங்கள் செய்வது இதைவிட மோசம். மாதிரி வினாத்தாளை இன்னும் பாமினியில் அடிக்கிறோம். பாமினியில் நம் கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு உள்ளே எல்லாம் ஆங்கில எழுத்து. "தமிழ்" என்று நாம் அடித்திருப்பதை அது "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று எடுக்கும். ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்டுப் பாருங்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிறார். வினாத்தாள் பகலிலேயே போனுக்கு வந்துவிடும். ஆனாலும் ராத்தா அடுப்படி வேலை முடித்து வந்து வாசித்துக் காட்டும்வரை காத்திருக்கிறார். அவளும் களைத்துப்போய்த்தான் வருகிறாள். அதே தாளை யூனிகோடில் அடித்திருந்தால் அஸருக்கு முன்பே படித்து முடித்திருப்பார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996லேயே வந்துவிட்டது. சட்டம் வந்து நம் குழுமத்தில் டைப் பண்ணாது.

போஸ்டர் இருந்தால்தான் ஆட்கள் பார்க்கிறார்கள் என்கிறீர்களா? போடுங்கள். பெயர், நேரம், இடம் மூன்றையும் அதன் கீழே எழுத்தாகவும் போடுங்கள். ஒரு நிமிட வேலை. படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் செயலிகளும் வந்துவிட்டனதான், ஆனால் அலங்கார எழுத்தில் அவை தடுமாறும். ஜனாஸா நேரத்தில் தடுமாறினால் தொழுகையே தவறிவிடும்.

அட்மின்மார் இன்றைக்கே இதைக் குழும விதியாகப் போடலாம். ஆசிரிய நண்பர்களே, பாமினியில் உள்ள பழைய வினாத்தாள்களை இன்பொக்ஸில் அனுப்புங்கள், யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன். ஸ்கேன் பண்ணியதென்றால் இருந்து டைப் பண்ணத்தான் வேண்டும், அதற்கு இரண்டு மூன்று பேர் கைகொடுத்தால் நல்லது.