உங்கள் ‘கடைசிப் பெயர்’ என்ன?

இம்மலரின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த தங்கை ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “அண்ணா, மொழியைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள்” என்றார். நான் கணினி வலையமைப்பைப் பராமரிப்பவன். கழகத்தில் இருந்த மூன்றாண்டுகளில் நாற்காலி அடுக்கியதும் ஒலிபெருக்கிக்கு வயர் இழுத்ததும்தான் என் தமிழ்த்தொண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால், என் வேலையில் பாதி பெயர் வைப்பதுதான். எனவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆயிரம் பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில், அந்த ஆயிரம் பேரின் கணக்குகள், கணினிகள், அச்சுப்பொறிகள், எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்ற விவரம் எல்லாம் ஒரே பதிவேட்டில் இருக்கும். அதை அடைவு என்கிறோம். 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000-உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி இவற்றுள் மிகப் பரவலானது. காலையில் நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டியதும் ‘இவர் நம்மவர்தான்’ என்று உள்ளே விடுவது அதுதான். அதை நிறுவுமுன் இரண்டு கேள்விகளுக்குத் தாளில் விடை எழுதியாக வேண்டும். எதற்கு என்ன பெயர்? யாருக்கு எவ்வளவு அதிகாரம்? மென்பொருளை ஏற்றுவது ஒரு பிற்பகல் வேலை. இந்த விடைகளைத் தவறாக எழுதினால் பத்தாண்டு தலைவலி.

எங்கள் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் பெயர் ஏறிய முதல் அடைவு தோட்டத்துச் செக்ரோல்தான். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடுவது தண்டலின் வேலை. செக்ரோலில் எழுதுவதும் அடிப்பதும் கிராணியின் வேலை. கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தாவின் பெயர் ஒரு விதம், சித்தப்பாவின் பத்திரத்தில் வேறு விதம். பின்னாளில் வீட்டு நிலத்தைப் பெயர் மாற்றப் போனபோது, இருவருக்கும் ஒரே தகப்பன்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டியதாயிற்று. “எழுதுறவன் நம்மள ஒரு வார்த்தை கேட்டானா?” என்பார் தாத்தா.

2006-இல் எழுதும் இடத்தில் நானே உட்கார்ந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம். ஈப்போவிலும் ஜொகூர் பாருவிலும் கிளைகள். எல்லாவற்றையும் ஒரே அடைவுக்குள் கொண்டுவரும் திட்டம். வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் ஒரு படிவத்தை நீட்டினார்கள். முதல் பெயர், ஒரு புள்ளி, கடைசிப் பெயர். அதுவே கணக்கின் பெயர், அதுவே மின்னஞ்சல் முகவரி.

கவிதா ஏ/பி முனியாண்டி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவருடைய கடைசிப் பெயர் எது? முனியாண்டி அவருடைய தகப்பனார். நாம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. மலாய்க்காரருக்கும் ‘பின்’, ‘பிந்தி’க்குப் பின் வருவது தந்தையின் பெயர்தான். சீனருக்குக் குடும்பப் பெயர் உண்டு, ஆனால் அது முன்னால் வரும். ஆக, இந்நாட்டின் மூன்று பெரிய இனங்களில் ஒன்றுக்கும் பொருந்தாத படிவம் அது! அறையில் பதினொரு பேர் இருந்தோம், மூன்று இனத்தாரும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். வேலைக்குப் புதிது, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

வம்பு ஆண்டிறுதியில் வந்தது. ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்கின் முழு முகவரியை எழுதும் முறைகளுள் ஒன்றில், படிநிலைகளைப் பிரிப்பது சாய்கோடு. நம் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யிலும் அதே சாய்கோடு. பெயருக்குள் வரும் சாய்கோட்டுக்கு முன் ஓர் எதிர்ச்சாய்கோடு இட்டு அடையாளம் காட்டப்படும். நிரல் எழுதுகிறவர் அதைக் கவனிக்க வேண்டும். எங்கள் நிரலை எழுதியவர் கவனிக்கவில்லை. வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை முடக்கும் நிரல் அது. ‘கவிதா ஏ’ என்று ஒரு பிரிவு, அதற்குள் ‘பி முனியாண்டி’ என்று ஓர் ஆள் இருப்பதாக அது புரிந்துகொண்டது. மனிதவளப் பிரிவின் பட்டியலில் அப்படி ஒருவரும் இல்லையே! திங்கட்கிழமை காலை முப்பத்திரண்டு பேரால் கணினிக்குள் நுழைய முடியவில்லை. அநேகமாக எல்லாரும் நம்மவர்கள். என் மேசைக்கு முன் வரிசையில் நின்ற அக்கா ஒருவர் பின்னால் நின்றவரிடம், “நம்ம பேர்ல ஏதோ கோளாறாம்” என்றார். அது நிரலின் கோளாறு, எங்கள் திட்டத்தின் கோளாறு. அவரிடம் அதைச் சொல்லக்கூட எனக்கு அன்று துணிவில்லை.

இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. அடைவுகளுக்கான எக்ஸ்.500 தரம் 1988-இல் வந்தது. அதன் வழிவந்த எல்டாப் தரத்தில், ‘நபர்’ என்ற பதிவுக்குக் குடும்பப் பெயர் கட்டாயம். எழுதியவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை நினைத்து எழுதினார்கள், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், ஆக்டிவ் டைரக்டரியில் அந்தக் கட்டம் கட்டாயமே இல்லை. வெறுமையாக விடலாம். கட்டாயமாக்கியது எங்கள் படிவம்.

“இனி மாற்ற முடியாது” என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். மாற்றக் கடினமானது டொமைன் பெயர். நாங்கள் நிறுவனத்தின் அப்போதைய வணிகப் பெயரையே டொமைனுக்கு வைத்து, பலர் செய்ததுபோல் ‘.லோக்கல்’ என்ற வாலையும் ஒட்டினோம். மூன்றாண்டில் நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டது. விண்டோஸ் 2003 முதல் டொமைன் பெயரை மாற்ற வழி உண்டு. ஆனால் எக்ஸ்சேஞ்ச் 2007-உம் அதற்குப் பின் வந்த பதிப்புகளும் உள்ள இடத்தில் அதற்கு ஆதரவில்லை. 2013-இல் அந்த வாலும் வேறொரு நெறிமுறைக்கென ஒதுக்கப்பட்டது. ஆள் பெயர் அப்படியல்ல. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ‘சிட்’ என்ற அடையாள எண் உண்டு. பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. கோப்பு உரிமைகளும் போகா. திருத்துவது ஒரு நிமிட வேலை. கடினமானதை அரைமணி நேரத்தில் முடிவு செய்துவிட்டு, எளியதை முடியாது என்று மறுத்துக்கொண்டிருந்தோம்.

அதிகாரப் பங்கீட்டுக்கு வருகிறேன். ஈப்போவில் ஒருவர் கடவுச்சொல்லை மறந்தால் தலைமையகத்தை அழைத்து அரைநாள் காத்திருக்க வேண்டும். அங்கே தொழில்நுட்ப உதவியாளராக இருந்தவன் நம் கழகத்தில் எனக்குப் பின் வந்த தம்பி. அவனே செய்துகொள்ளட்டும் என்று, டொமைன் முழுவதையும் ஆளும் நிர்வாகிகள் குழுவில் அவனைச் சேர்த்தோம். இப்படியே சேர்த்துச் சேர்த்து அக்குழுவில் பதினான்கு பேர். 2007-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பழைய சோதனைப் பிரிவொன்றை அழிக்கப் போனவன் ஈப்போ விற்பனைப் பிரிவை அழித்துவிட்டான். 61 கணக்குகள். அழித்ததை மீட்கும் ‘மறுசுழற்சித் தொட்டி’ வசதி ஆக்டிவ் டைரக்டரிக்கு 2009-இல்தான் வந்தது. காப்பு நாடாவிலிருந்து மீட்டெடுக்கச் சனிக்கிழமை முழுவதும் ஆயிற்று. தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

அவனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் உரிமை. கடவுச்சொல்லை மீட்டமைப்பது, அதுவும் ஈப்போக் கணக்குகளுக்கு மட்டும். அப்பிரிவைத் தேர்ந்து, அவனுடைய குழுவைக் காட்டி, அந்த ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும். பத்து நிமிடம். பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவன் கையில் செக்ரோலையே கொடுத்தது நாங்கள். கடிதம் போனது அவனுக்கு. எங்கள் பிரிவுகளை நிறுவன அமைப்புப் படத்தைப் பார்த்து வரைந்ததும் தவறு. துறைகளின் பெயர்கள் புதிய இயக்குநர் வரும்போதெல்லாம் மாறும். யார் யாரைப் பராமரிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பிரிவுகளைப் பிரித்திருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். அடைவின் உள்முகவரியிலும் கணக்கின் பெயரிலும் பணியாளர் எண்ணை வையுங்கள். திரையில் தெரியும் பெயரில் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரை அப்படியே எழுதுங்கள். மின்னஞ்சலுக்கு எந்தப் பெயர் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். தொலைபேசி எண் போன்ற சில விவரங்களைப் பயனரே திருத்தும் உரிமை ஆக்டிவ் டைரக்டரியில் தொடக்கத்திலேயே உண்டு. பெயர் அதில் இல்லை. அந்த உரிமையைக் கிளையில் இருக்கும் மனிதவள அலுவலரிடம் கொடுங்கள். ஆளின் முகம் தெரிந்தவர் அவர்தான். எனக்குத் தெரிந்த சிலர் பிள்ளைகளுக்கு ‘ஏ/எல்’ இல்லாமலே பெயர் பதிகிறார்கள். அது அவரவர் விருப்பம். மென்பொருளுக்குப் பயந்து செய்வதென்றால் எனக்கு உடன்பாடில்லை.

கணினித் துறையில் படிக்கும் தம்பி தங்கைகளே, அந்தப் பதினொரு பேர் கூட்டம் உங்களுக்கும் ஒருநாள் வரும். புதிதாகச் சேர்ந்தவர் என்று மூலையில் உட்கார வைப்பார்கள். படிவம் சுற்றில் வரும்போது கையைத் தூக்குங்கள்.

இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். அண்மையில் இங்கும் இரண்டு அடைவுகளை இணைத்தோம். படிவத்தில் இருந்த முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு கட்டங்களையும் அடித்துவிட்டு ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் போட்டேன். நீளமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். 256 எழுத்து வரை இடமிருக்கிறது என்றேன். எங்கள் அலுவலகத்தில் மிக நீளமான பெயர் ஒரு மலாய் அதிகாரியுடையது, 43 எழுத்து. தம் பெயர் பாதியில் வெட்டுப்படாமல் திரையில் வந்ததை அவர் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினாராம்.