காயில் மேல பழி போடாதீங்கய்யா!

பழைய டர்ட் பைக் ஸ்டார்ட் ஆகலைன்னா உடனே "காயில் போச்சு, மாத்திடு"ன்னு தீர்ப்பு சொல்ற புண்ணியவான்களே, ஒரு நிமிஷம். லாக் பாக்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ற கூட்டத்துக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

1968-ல வந்த யமஹா டிடி-1 மாதிரி வண்டிகள்ல இருக்கறது மேக்னெட்டும் பாயின்ட்டும்தான். ஸ்விட்சை ஆஃப் பண்ணினா ஒரு ஒயர் பாடியில எர்த் ஆகுது, அவ்ளோதான். அதே ஒயர் தோல் உரிஞ்சு ஃப்ரேம்ல பட்டாலும் கரண்ட் வராது. முதல்ல அதைக் கழட்டிட்டு உதைச்சுப் பாருங்க சாமி, காசே செலவில்லை.

அடுத்த கூத்து, பிளக்கை வெளியே பிடிச்சு "பொறி சூப்பர், கார்புரேட்டர்தான் கோளாறு"ங்கறது. வெளிக்காத்துல தாண்டற பொறி சிலிண்டருக்குள்ள, அந்த அழுத்தத்துல, தாண்டணும்னு கட்டாயமில்லை. அங்க கூடுதல் வோல்டேஜ் வேணும். சூடானா மட்டும் நிக்குதா? கன்டென்சரையும் காயிலையும் சூட்டோட சோதிங்க. ஆறின பிறகு மீட்டர் வெச்சா ரெண்டும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும்.

நானும் இந்த வைத்தியத்தை நம்பி ஒரிஜினல் காயிலைத் தூக்கிப் போட்டவன்தான் (சிரிக்காதீங்க). புதுசு மாட்டியும் வண்டி அசையலை. கடைசியில பார்த்தா பாயின்ட்ல எண்ணெய்ப் படலம். ஒரு விசிட்டிங் கார்டை நடுவுல விட்டு இழுத்தேன், ரெண்டாவது உதையிலயே கிளம்பிடுச்சு. அந்தக் காயில் இப்ப எந்தக் குப்பைமேட்டுல கிடக்கோ.