கணக்காசிரியர் இல்லாப் பள்ளியும் கண்ணில்லாக் கல்வியும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களாகக் கண்ட வள்ளுவர், எண்ணையே முன்வைத்தார். அவர்க்குச் சிலையெடுத்து, மேடைதோறும் அவர் பெயர் முழக்கும் நம் ஆட்சியாளரோ, சிற்றூர்ப் பிள்ளைகளின் அந்த முதற்கண்ணையே மூடிவைத்துள்ளனர். மலையூர்களிலும் வடமாவட்டங்களின் ஒதுக்குப்புறங்களிலும் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணக்காசிரியர் இடம் ஒழிந்து கிடப்பதும், வந்தவர் நிலைக்காமற் செல்வதும் இன்று யார்க்கும் வியப்பளிப்பதில்லை. வியப்பே எழாமற் போனதுதான் பெருங்கேடு!

"தமிழ்ப் புலவனுக்குக் கணக்கைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்பார் உளர். முந்திரி என்று முந்நூற்றிருபதில் ஒன்றையும், காணி என்று எண்பதில் ஒன்றையும், மா என்று இருபதில் ஒன்றையும் பெயரிட்டுக் கையாண்ட மொழி தமிழ். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயிற்றியதும், காரிநாயனார் கணக்கதிகாரம் யாத்ததும் இம்மொழியில்தான். பாட்டுக்கு மட்டும் தமிழ், கணக்குக்கு ஆங்கிலம் என்று பங்கு பிரித்தவர் யார்? அப்பிரிவினையை ஏற்பது தமிழைப் பாதியாக வெட்டுவதாகும். ஆகலின், இது தமிழ்ச் சிக்கலே.

வரலாற்றில் ஒரு பாடம் விட்டுப்போனால் அடுத்த பாடத்தைப் படிக்கலாம். கணக்கு அத்தகையதன்று, அது படிக்கட்டு. கீழ்வாய்க் கணக்கு விளங்காதவனுக்குச் சமன்பாடு விளங்காது; சமன்பாடு விளங்காதவனுக்கு முக்கோணவியல் விளங்காது. ஏழாம் வகுப்பில் ஓராண்டு ஆசிரியரின்றிக் கழிந்தால், அக்கடன் வட்டியுடன் பத்தாம் வகுப்பில் வந்து விடியும். எட்டாம் வகுப்புவரை தேக்கமின்றி ஏற்றப்பட்ட பிள்ளை, பொதுத்தேர்வில் 35 மதிப்பெண்ணுக்குத் தவித்து நிற்கும். அங்கு அவன் இழப்பது மதிப்பெண் மட்டுமன்று. அறிவியற் பிரிவும் பொறியியற் கல்வியும் அவனுக்கு அடைபடுகின்றன. நகரத்துச் செல்வர்மகன் தனிப்பயிற்சிக்குச் செல்வான். மலையூர் உழவன்மகன் எங்குச் செல்வான்? கூலிக்குச் செல்வான்!

இந்நிலைக்குக் கரணியங்கள் மூன்று.

முதலாவது, ஆசிரியப் பணியைக் கூலிப்பணி ஆக்கியது. 2022-இல் தமிழக அரசு 13,331 ஆசிரியர் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியே இடைக்காலமாக நிரப்ப முற்பட்டது. பட்டமும் கல்வியியற் பட்டமும் பெற்ற ஆசிரியர்க்குத் திங்களுக்கு 10,000 உருபா என்று அப்போது அறிவித்தது. நாட்கூலிக்குச் செல்லும் கொத்தனார் இதனினும் மிகுதியாக ஈட்டுவார். பின்னர்த் தொகையை உயர்த்தினர். 'இடைக்காலம்' என்னும் இழிவை நீக்கினரா? 2013-இல் தகுதித்தேர்வில் தேறியோர் பலர் பத்தாண்டு காத்துக் கிடந்தனர். அவர்களையும் மீண்டும் ஒரு போட்டித் தேர்வெழுதப் பணித்து, 2023-இல் 2,222 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. கணக்கில் வல்ல இளைஞன் வங்கிக்கும் கணிப்பொறிக்கும் ஓடாமல் இப்படி ஏன் காத்திருப்பான்?

இரண்டாவது, ஊரறியா அமர்த்தம். ஒழிவிடங்கள் மிகுதியும் வடமாவட்டங்களில். அமர்த்தம் பெறுவோருள் பலர் தென்மாவட்டத்தினர். மனைவி மக்களைப் பிரிந்து வந்தவர், அடுத்த மாறுதல் கலந்தாய்வு எப்போது என்றுதான் நாளெண்ணுவார். அவரைக் குறைகூறுதல் அறமன்று. தங்க வீடில்லா மலையூருக்கு, போக்குவரத்தில்லாப் பாதைக்கு, போதிய ஈடு தராமல் அனுப்பிவிட்டு, "ஏன் நிலைக்கவில்லை?" என்று கேட்பதே குற்றம்.

மூன்றாவது, வேரினும் வேரான கரணியம், மொழி. கல்லூரியில் ஆங்கிலத்தில் கணக்குப் பயின்று வருபவர், தமிழ்ப் பிள்ளைமுன் நிற்கும்போது நா தடுமாறுகிறார். விடையை எழுதிப்போடுவார், 'ஏன்' என்னும் வினாவுக்கு அவரிடம் தமிழ்ச் சொல் இல்லை. ஏனெனில், அந்த 'ஏன்' அவர்க்கே தமிழில் சொல்லப்படவில்லை. மனப்பாடம் இங்குதான் பிறக்கிறது. 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றிக் கல்லூரிக் கல்விக்கும் தமிழில் நூல்கள் வெளியிட்டது. அவ்வழி தொடர்ந்ததா? 2012 தொட்டு அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கியதுதான் நாம் கண்ட வளர்ச்சி! தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போற்றுகின்றோம். ஆனால், தமிழ்வழிக் கணக்குப் பட்டப்படிப்பைக் கல்லூரிதோறும் வளர்க்காமல் முன்னுரிமை மட்டும் தருவது, விதை தராமல் அரிவாள் தருவதாகும்.

தீர்வு யாது? அந்தந்த மண்ணிலேயே ஆசிரியரை விளைவிப்பது. ஒதுக்கப்பட்ட வட்டங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தேறிய ஆண் பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உணவும் உறையுளும் தந்து, கணக்கையும் கற்பிக்கும் கலையையும் ஒன்றாக நான்காண்டு தமிழில் பயிற்ற வேண்டும். இது கனவன்று. மைசூரில் நடுவணரசு 1963-இல் தொடங்கிய வட்டாரக் கல்வியியற் கல்லூரி இத்தகைய நான்காண்டுப் படிப்பைத் தந்தது. அதனைத் தருமபுரியிலும் கள்ளக்குறிச்சியிலும் நாமே தமிழில் நடத்தத் தடையென்ன? 2008-இல் கண்ட ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் பின் எதற்கு? தேறியவர்க்கு முதல்நாளே நிலையான பணி, ஊரில் வீடு, மலைப்பணிக்குக் கூடுதல் ஊதியம். மாற்றாக, பத்தாண்டு தம் மாவட்டத்திலேயே பணியாற்றும் உறுதிமொழி. ஊரார்மகன் ஊரைவிட்டு ஓடான்.

"தரம் தாழும்" என்பர் சிலர். ஆளே இல்லாத வகுப்பினும் தாழ்ந்த தரம் எது? "பணமில்லை" என்பர். விழாவுக்கும் வளைவுக்கும் உள்ள பணம், பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் இல்லையா? சப்பானியரும் கொரியரும் தம் மொழியில் கணக்குப் பயின்றே பொறிகளைப் படைத்து உலகுக்கு விற்கின்றனர். நாமோ அவற்றை வாங்கிப் பயன்படுத்துவதைப் பெருமையாகக் கொள்கின்றோம்.

தமிழன்பர்களே! மொழிப்பற்று பெயர்ப்பலகையோடு முடிவதன்று. உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். கணக்காசிரியர் உளரா, நிலையானவரா, எத்தனை திங்களாக இடம் ஒழிந்துள்ளது என்று கேளுங்கள். விடையை ஊரவையில் எழுந்து சொல்லுங்கள், தீர்மானமாக எழுதுவியுங்கள், தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் அதனைக் காட்டுங்கள். கணக்குக் கேட்கத் தெரியாத மக்களையே ஆள்வோர் விரும்புவர். கணக்கறிந்த தலைமுறை எழுந்தால், அது முதலில் அவர்களிடந்தான் கணக்குக் கேட்கும்!