6,000 ரூபாய் கேஷ்பேக்கும் 22 நாளும்



தீபாவளி விற்பனை தொடங்கியதிலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பெரிய பொருள் வாங்கப் போறோம், எந்தக் கார்டுல போட்டா கேஷ்பேக் அதிகம் வரும்?" கணக்கு டீச்சரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பீர்கள்! ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால், போன வருடம் நான் தப்பாகப் போட்ட ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்டவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பையன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன், இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. அப்பாவும் அண்ணனும் ஏரியில் தொழில். தங்கைக்கு ஐப்பசியில் கல்யாணம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, பீரோ, கட்டில் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய். அவன் கார்டில் ஆன்லைனில் வாங்கினால் 5 சதவீதம் திரும்ப வரும். அப்படியானால் 6,000 என்று அவன் சொன்னான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிமுறையைப் படித்தேன். ஒரு பில்லுக்கு 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

எனக்கு ஒரே குஷி. இது நல்ல கணக்காயிற்றே! பில் போடும் தேதி 18. செப்டம்பர் 16-ம் தேதி 60,000-க்கு வாங்கு, மீதி 60,000-க்கு 19-ம் தேதி வாங்கு. இரண்டும் வேறு வேறு பில்லில் விழும். 3,000 இரண்டு தடவை, முழு 6,000. அவனும் அப்படியே செய்தான். நான் நாலு பேரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

நான் பார்க்காமல் விட்டது என்ன தெரியுமா? 16-ம் தேதி வாங்கியது 18-ம் தேதி பில்லில் வந்துவிட்டது. கட்ட வேண்டிய கடைசித் தேதி அக்டோபர் 8. ஆக அந்த 60,000-க்குக் கிடைத்த அவகாசம் 22 நாள். எல்லாவற்றையும் 19-ம் தேதி வாங்கியிருந்தால் நவம்பர் 8 வரை, 50 நாள் கிடைத்திருக்கும். 3,000 ரூபாய் கூடுதலாக வாங்கித் தருகிறேன் என்று 28 நாளை விற்றுவிட்டேன்.

மாதச் சம்பளக்காரருக்கு 28 நாள் பெரிதாகத் தெரியாது. ஏரிக்காரருக்கு அப்படி இல்லை. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் உறவுகளுக்காகச் சொல்கிறேன்: எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். உன் முறை வரும் நாளில் இறால் பட்டால் பணம். படாவிட்டால் அடுத்த முறை வரைக்கும் காத்திரு. அப்பா தருவதாகச் சொன்ன 60,000 அப்படி வர வேண்டிய பணம். வரவில்லை. பையன் கையிலிருந்தது மண்டப முன்பணத்துக்குப் போய்விட்டது. அக்டோபர் 8-ம் தேதி மினிமம் டியூ 3,000 மட்டும் கட்டினான்.

மினிமம் கட்டினால் அபராதம் வராது, வட்டி வரும். அதுவும் கடைசித் தேதியிலிருந்து இல்லை, வாங்கிய நாளிலிருந்தே. முதல் பில் பாக்கி நின்றதால் 19-ம் தேதி வாங்கியதற்கும் வட்டியில்லா அவகாசம் போய்விட்டது. மீதி 1,17,000. மாதம் 3.75 சதவீதம் என்றால் 4,387 ரூபாய் 50 காசு. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 790. ஒரு மாதத்துக்கு 5,177 ரூபாய். 6,000 கேஷ்பேக்கில் பெரும்பகுதி ஒரே மாதத்தில் கரைந்தது. அவன் கடனை முடிக்க நாலு மாதம் ஆனது, மொத்தம் 13,000 பக்கம் போயிற்று.

மாதம் 3.75 என்பது வருடத்துக்கு 45 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமில்லை என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதனால் யாராவது வந்து குறைப்பார்கள் என்று இருக்க வேண்டாம்.

கல்யாணம் முடிந்து அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பா கேட்டார்: "டீச்சரம்மா, வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கினா புடிக்கிற இறாலை அவர் சொல்ற விலைக்கே குடுக்கணும். இந்தக் கார்டும் அந்த மாதிரிதானா?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் முழுதாக வங்கியில் இருக்கிறதா? தாராளமாக வாங்குங்கள், உச்சவரம்பைப் பார்த்து இரண்டு பில்லாகப் பிரியுங்கள், 6,000 உங்களுக்கே. திருப்பி அனுப்பும் பொருளுக்கு வந்த கேஷ்பேக்கைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பணம் இனிமேல்தான் வர வேண்டும் என்றால் கேஷ்பேக்கை மறந்துவிட்டு நாளைப் பாருங்கள். பில் போட்ட மறுநாள் வாங்குங்கள். நோ காஸ்ட் இஎம்ஐ என்று மயங்காதீர்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அப்படி வாங்கும்போது பல கார்டுகளில் கேஷ்பேக்கும் வராது.

இன்னொன்று. மீனவர்களுக்கும் 2018-19 முதல் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. அது 7 சதவீதக் கடன், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். வலை, டீசல், ஐஸ் செலவுக்கு அதைக் கேளுங்கள். சீர்வரிசைக்கு அது கிடையாது. பெயரில் கார்டு என்று இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய.

என்னிடம் கேட்ட நாலைந்து பேரும் பொருளின் விலையை மட்டும்தான் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கார்டின் பில் தேதி எது, பணம் யார் கையிலிருந்து எந்தத் தேதியில் வரும், இரண்டையும் எழுதி அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன். கொஞ்சம் பெரிய எழுத்தில் அனுப்புங்கள், போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆயிற்று.