ஐம்பத்தோராவது சட்டை

தில்லியில் கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் தோன்றிய சுதந்திரமான ஆடை நிறுவனங்கள், அதாவது பெரும் ஆலைகளையோ கடைத் தொடர்களையோ சாராமல் ஒரு வடிவமைப்பாளரோ இருவரோ தம் கைமுதலைப் போட்டு, சிறு எண்ணிக்கையில் துணியெடுத்து, தைத்து, தம் பெயர்ச்சீட்டோடு விற்கும் முயற்சிகள், அரசின் கொள்கையாலோ சந்தையின் பெருந்தன்மையாலோ வளர்ந்தவை அல்ல. அவற்றில் கணிசமானவை நகரத் திட்டத்தின் ஒரு விதிவிலக்கில் வேர் பிடித்தவை. அந்த விதிவிலக்கு இன்று சுருங்கிவருகிறது என்பதும், அவற்றின் உழைப்பைக் காக்க வேண்டிய சட்டம் அவற்றின் அளவுக்குத் தைக்கப்படவில்லை என்பதும் இளம் கலைஞர்களைப் பற்றிய பேச்சில் போதிய இடம் பெறுவதில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியில், 1908-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த நிலவரித் திட்டத்தின்போது, தில்லியைச் சுற்றியிருந்த ஒவ்வொரு கிராமத்திலும் மக்கள் குடியிருக்கும் பகுதியை விளைநிலத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக வருவாய்த் துறையினர் வரைபடத்தில் சிவப்புக் கோடு இட்டனர். அந்தக் கோட்டுக்குள் அடங்கிய குடியிருப்பே ‘லால் டோரா’ எனப்படுகிறது. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் நத்தம் என்று குறிக்கப்படும் நிலத்துக்கு இது ஏறத்தாழ ஒப்பானது. விடுதலைக்குப் பின் தலைநகரம் பரந்தபோது கோட்டுக்கு வெளியே இருந்த வயல்கள் கையகப்படுத்தப்பட்டுக் குடியிருப்புகளாகவும் விளையாட்டரங்குகளாகவும் மாறின. கோட்டுக்குள் இருந்த வீடுகள் மட்டும் ஊர்க்காரர்களிடம் எஞ்சின. அவ்வீடுகளுக்குக் கட்டட அனுமதி பெறும் கட்டாயத்திலிருந்து 1963-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று விலக்களித்தது. உழ நிலமில்லாத ஊர்க்காரர்கள் வீட்டின்மேல் வீடு கட்டி வாடகைக்கு விட்டனர். காரும் நுழையாத சந்துகளில், கடையா வீடா பட்டறையா என்று பிரித்தறிய முடியாத அந்த அடுக்குகளில், தென்தில்லியின் மற்றப் பகுதிகளில் கிடைக்காத குறைந்த வாடகைக்கு இடம் கிடைத்தது.

இவ்வகை ஊர்களில் முதலில் பெயர் பெற்றது ஹௌஸ் காஸ். அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஏரியின் கரையில், ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டிய மதரசாவின் இடிபாடுகளை ஒட்டியிருந்த அச்சிற்றூரில் 1980-களின் பிற்பகுதியில் பீனா ரமானி தொடங்கிய ஆடைக்கடை பிறருக்கும் வழி காட்டியது. ஓவியக் கூடங்களும் தோல்பொருள் செய்வோரும் பழம்பொருள் விற்போரும் வந்து சேர்ந்தனர். அடுத்து வந்தவை உணவகங்களும் மதுக்கூடங்களும். ஒரே இரவில் ஒரு வடிவமைப்பாளரின் மாத விற்பனையை எட்டக்கூடிய வணிகத்தோடு வாடகையில் போட்டியிட முடியாமல், அவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் பலர் வெளியேறினர். பின்னர் மெஹ்ரோலி, சைதுலாஜாப், சத்தர்பூரில் தானியக் கிடங்குகளாக இருந்த தான் மில் வளாகம் என்று அந்த நகர்வு தொடர்கிறது. இளைஞர்கள் ஓரிடத்துக்கு மதிப்பை உண்டாக்குகிறார்கள். அந்த மதிப்பு வாடகையாக உருமாறி அவர்களையே வெளியே தள்ளுகிறது. இந்தச் சுழற்சி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பழையது. தில்லியில் அது கூடுதல் கடுமையோடு நிகழ்வதற்குக் காரணம், இங்கே குத்தகைதாரரின் கையில் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தத்துக்கு மேல் எதுவும் இல்லை என்பதும், விதிவிலக்கில் எழுந்த கட்டடத்துக்கு எப்போது வேண்டுமானாலும் மாநகராட்சி சீல் வைக்கலாம் என்ற அச்சம் விலகுவதே இல்லை என்பதுமாகும்.

சிரி கோட்டையின் மதில் எச்சங்களுக்கு இடையே அமைந்த ஷாப்பூர் ஜாட், இந்த ஊர்களுள் ஆடைத்தொழிலின் முழு உடலையும் ஒரே இடத்தில் காட்டுவது. அதன் விளைநிலம் போனபின், அருகே 1982-இல் ஆசிய விளையாட்டுக் கிராமம் எழுந்தது. இன்று தாதா ஜங்கி சந்தில் தெருவைப் பார்த்த கண்ணாடி அறையில் மணப்பெண்ணின் லெஹங்கா தொங்க, அதே கட்டடத்தின் மேல்மாடியிலோ நிலவறையிலோ அந்த லெஹங்காவைச் செய்தவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் காரிகர் என்பர். கைவினைஞர் என்பது பொருள். வங்காளம், பிகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த இவர்களின் கருவி ‘அட்டா’ எனப்படும் மரச்சட்டம். கட்டில்போல் தாழ்ந்த அச்சட்டத்தில் துணியை முரசுத்தோல்போல் இழுத்துக் கட்டுகிறார்கள். வடிவமைப்பாளர் தந்த கோட்டுப்படத்தை எண்ணெய்த்தாளில் படியெடுத்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் துணிச்சுருளால் தேய்க்கிறார்கள். தாளை எடுத்தால் துணியில் புள்ளிப்புள்ளியாகப் படம் இறங்கியிருக்கும். பின் சட்டத்தின் இருபுறமும் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருக்க, மறு கை மேலிருந்து ஆரி என்னும் கொக்கி ஊசியால் அந்நூலைக் கண்ணி கண்ணியாக மேலே இழுக்கிறது. சரிகைச் சுருளும் ஜிகினாவும் அப்புள்ளிகளின்மேல் ஏறுகின்றன. கோட்டை வரைந்தவர் எங்கே முடித்தார், தைத்தவர் எங்கே தொடங்கினார் என்று எந்த வல்லுநராலும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. வளைவை எவ்வளவு நெருக்கமாகத் தைப்பது, இலையின் நுனியில் எந்த மின்னலை வைப்பது என்ற முடிவுகள் பல, அட்டாவின் அருகில்தான் எடுக்கப்படுகின்றன.

ஓவியர்களும் சிற்பிகளும் இதே வழியில்தான் இடம் தேடினர். 1997-இல் கலைஞர்கள் கூடித் தொடங்கிய கோஜ் அமைப்பு, 2000-களின் தொடக்கத்தில் கிட்கி விரிவுப் பகுதியில் நிலைகொண்டது. கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளிவந்தவர்கள் சில வாரங்கள் தங்கிப் பணிசெய்து, விற்பனை நெருக்கடியின்றித் தம் ஆக்கத்தைப் பார்வைக்கு வைக்கும் வாய்ப்பை அது தொடர்ந்து தந்துவருகிறது. சாலையின் எதிர்ப்புறம் சாகேத்தின் பெருங்கடை வளாகங்கள் நிற்கின்றன. லாடோ சராயில் ஒரு காலத்தில் வரிசையாகத் திறந்த ஓவியக் கூடங்களின் கதையும் வாடகையின் கதையே.

அரசும் தொழில்துறையும் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 1986-இல் தில்லியில் நிறுவப்பட்டது. இந்திய ஆடை வடிவமைப்பு மன்றம் 1998-இல் உருவானது. நாட்டின் முதல் ஃபேஷன் வாரம் 2000-இல் தில்லியில் நடந்தது. மெரினோ கம்பளியில் புதிய வடிவமைப்புகளுக்கு வழங்கப்படும் சர்வதேச வுல்மார்க் பரிசை 2014-இல் ராகுல் மிஸ்ராவும், அடுத்த சில ஆண்டுகளுக்குள் சுகேத் தீரும், பாடிஸ் நிறுவனத்தின் ருச்சிகா சச்தேவாவும் பெற்றனர். மூவரின் பணிக்களமும் தில்லி வட்டாரமே. பேரோ நிறுவனத்தின் அனீத் அரோரா கைத்தறித் துணியையே முதன்மைப் பொருளாகக் கொண்டு உலகச் சந்தையில் இடம் பிடித்தார். ஆயினும் மேடையும் பரிசும் ஏற்கெனவே நிலைத்துவிட்டவர்களுக்கு ஒளி தருபவை. இரண்டாம் ஆண்டில் மூடப்படும் நிலையிலிருக்கும் நிறுவனத்துக்கு வேண்டியவை நிலையான இடமும், தான் வரைந்ததைத் தனதென்று சொல்லும் உரிமையும்.

இந்த உரிமை எவ்வளவு மெலிந்தது என்பதை பீப்பிள் ட்ரீ என்னும் நிறுவனத்துக்கு நேர்ந்தது காட்டியது. ஓவியர் ஒரிஜித் சென்னும் குர்ப்ரீத் சித்துவும் 1990-இல் கன்னாட் பிளேஸின் ரீகல் கட்டடத்தில் தொடங்கிய இந்தச் சிறு கடை, கலைஞர்களின் கூடமாகவும் சட்டைக் கடையாகவும் புத்தகக் கடையாகவும் ஒருசேர இயங்கியது. நர்மதை அணை எதிர்ப்பைப் பொருளாகக் கொண்டு 1994-இல் சென் வெளியிட்ட சித்திர நாவல், இந்தியாவின் முதல் சித்திர நாவலாகப் பலராலும் கருதப்படுகிறது. ஓவியரும் ஆடைத்தொழிலும் இங்கு இரு வேறு உலகங்களாக இருக்கவில்லை. படத்தாளில் உருவானதே மரக்கட்டையில் செதுக்கப்பட்டு, ராஜஸ்தானின் கையச்சுக்காரர்களால் மண்பசை தடவும் தாபு முறையில் துணியில் பதிந்தது. அவ்வாறு பதிந்த யோகாசன உருவங்களின் வடிவம் பிரெஞ்சு நிறுவனமான டியோரின் ஆடையொன்றில், ஒரு பத்திரிகையின் அட்டைப்படத்தில், 2018-இன் தொடக்கத்தில் காணப்பட்டபோது பீப்பிள் ட்ரீ வெளிப்படையாகக் குரல் எழுப்பியது. இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு கண்டன. அதன் விவரம் வெளியிடப்படவில்லை. உலகறிந்த பெயர் ஒன்று மறுபக்கம் நின்றதால் அச்செய்தி பரவியது. தில்லி காந்தி நகரின் மொத்தச் சந்தையில் ஒரு வடிவம் நகலாகித் தெருவுக்கு வரும்போது அப்படிப்பட்ட செய்தி எதுவும் வருவதில்லை.

வழக்காடத் துணிந்தாலும் எதிரே நிற்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு. ஓர் ஓவியம் அல்லது கோட்டுப்படம், வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத்தக்கதாக இருந்தும் பதியப்படாமல், உரிமையாளராலோ அவரது இசைவு பெற்றவராலோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளொன்றில் ஆக்கப்பட்டுவிட்டால், அவ்வடிவத்தின் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது அப்பிரிவு. தொழில்முறை என்றால் எந்திரம்தானே என்று கைவினைஞர் ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் தன் வரையறையில் கைமுறையையும் எந்திரமுறையையும் வேதிமுறையையும் ஒருங்கே சேர்த்துள்ளது. ரிது குமாரின் ஆடைகளை விற்கும் ரிதிகா நிறுவனம் பீபா நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் இப்பிரிவையே அடிப்படையாகக் கொண்டு, பதிவு செய்யப்படாத வடிவங்கள் 50 ஆடைகளைக் கடந்துவிட்டதால் பதிப்புரிமை நிலைக்காது என்று தீர்த்தது. 2025 ஏப்ரலில், எரிவாயு ஏற்றும் இழுவை வண்டிகளின் வரைபடங்கள் தொடர்பான வழக்கொன்றில், எது கலைப்படைப்பு, எது தொழில்வழி வடிவம் என்று பிரித்தறியும் சோதனைகளை உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்தது. அதனால் தெளிவு கூடியுள்ளது. 50 என்ற எல்லை அசையவில்லை.

இதன் விளைவை ஒரு சிற்றிதழ் எளிதில் உணரும். 300 பிரதிகள் அச்சாகும் இதழில் வரும் ஓவியத்துக்கு, ஓவியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் காப்பு உண்டு. அதே ஓவியர் அதே கோடுகளைத் தொழில்வடிவமாகத் துணியில் பதித்துப் பதிவின்றி விற்றால், ஐம்பத்தோராவது சட்டையில் அவ்வடிவத்துக்கான காப்பு முடிகிறது. பதிவு செய்துகொள்ளலாமே என்று கேட்பது நியாயம். பதிவுக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்பு உண்டு. ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் வெளியிடப்பட்டால் பொதுவாகப் புதுமை போயிற்று. பருவத்துக்கு முப்பது, நாற்பது வடிவங்கள் வரைந்து, எது விலைபோகும் என்று கடையில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே அறிந்துகொள்ளும் இருவர் நிறுவனம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தி, அதுவரை அவற்றை எவர் கண்ணிலும் படாமல் வைத்திருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கும் சட்டம், ஆலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில், பதிவு செய்யப்படாத வடிவத்துக்கும் அது வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுகள் காப்பு உண்டு. இரண்டு பருவம் விற்றுப் பார்க்க அந்த 3 ஆண்டுகள் போதும். இந்தியச் சட்டத்திலும் அத்தகைய குறுகிய காலக் காப்பைச் சேர்க்காததற்குத் தக்க காரணம் எதுவும் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை.

வடிவமைப்பாளரின் உரிமையைப் பேசுகிறவர்கள் அட்டாவின் அருகில் அமர்ந்திருப்பவரைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள். தன் கோடு திருடப்பட்டதென்று முறையிடும் நிறுவனம், தன் ஆடையைத் தைத்த கையின் பெயரைச் சீட்டில் எழுதாமலிருப்பது அந்த முறையீட்டின் வலுவைக் குறைக்கிறது. இது இயலாத காரியமும் அன்று. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பத்தாண்டுகளுக்கு முன்பே பட்டுச் சேலைகளில் நெசவாளரின் பெயரும் புகைப்படமும் கொண்ட அட்டையை இணைக்கத் தொடங்கியது. பெரும் கூட்டுறவு அமைப்பு ஒன்றால் செய்ய முடிந்ததை, பத்துக் காரிகர்களின் முகத்தையும் பெயரையும் நேரில் அறிந்த சிறு நிறுவனம் இன்னும் எளிதாகச் செய்யலாம். கூலி, வேலை நேரம், காற்றோட்டமில்லாத நிலவறை ஆகியவை பற்றிய கேள்விகளும் அப்பெயரோடு சேர்ந்து வெளிச்சத்துக்கு வரும், வரட்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, தமிழர்கள் அருகிலேயே அறிந்த முன்மாதிரி ஒன்று உண்டு. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில், இளம் ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து கூட்டாக விற்று, அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். துணியில் செய்த வேலை ஓவியத்துக்குச் சோறு போட்டது. நிலம் கலைஞர்களின் பெயரில் இருந்ததால், பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை எவ்வளவு ஏறியபோதும் வாடகையின் பேரில் எவரும் அவர்களை வெளியேற்ற இயலவில்லை. தில்லியில் இன்று நிலம் வாங்கும் வசதி எந்த இளைஞர் குழுவுக்கும் இல்லை என்பது உண்மையே. ஆனால் லலித் கலா அகாதெமி 1976-இல் கட்ஹி கிராமத்தின் பழைய கட்டடத்தில் குறைந்த கட்டணக் கலைக்கூடங்களைத் திறந்தது. ஒரு தலைமுறை ஓவியர்களும் சிற்பிகளும் அச்சோவியர்களும் அங்கே உருவாயினர். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஆடை வடிவமைப்பாளர்க்கும் காரிகர்க்கும் அதற்கு ஈடான ஓர் இடமும் தலைநகரில் பொதுப் பணத்தில் எழவில்லை.

பாபா கரக் சிங் சாலையில் வரிசையாக நிற்கும் மாநில அரசு விற்பனை நிலையங்கள் இதற்குத் தொடக்கமாக அமையலாம். தமிழ்நாட்டின் பூம்புகார் உள்ளிட்ட அந்நிலையங்கள் நகரின் நடுவில், மெட்ரோவிலிருந்து நடக்கும் தொலைவில், அரசின் பொறுப்பில் உள்ளவை. ஒவ்வொரு நிலையமும் ஒரு தளத்தையோ ஒரு மூலையையோ தன் மாநிலத்து நெசவாளர்களோடு பணிசெய்யும் இளம் நிறுவனங்களுக்கு மூன்றாண்டுக் குத்தகையில், விற்பனையில் ஒரு பங்கையே வாடகையாகப் பெற்றுக்கொண்டு வழங்கலாம். தமிழ்நாடு அரசே இதற்கு முதலடி எடுத்து வைக்கலாம். சின்னாளபட்டியிலும் நெகமத்திலும் தறி ஓட்டுபவருக்கும், ஷாப்பூர் ஜாட்டில் 11 மாதம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் வடிவமைப்பாளருக்கும் இடையே அந்த மூலை உடனே பயன்படத் தொடங்கும்.