சந்தனப் பொட்டும் பழைய டிஸ்க்கும்

ஆயுத பூசையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுச் சாம்பிராணி போடும் தோழர்களை ஒன்று கேட்கின்றோம். அதனுள் சுழலும் ஹார்ட் டிஸ்க் இன்றிரவே நின்றுவிட்டால், அதிலிருக்கும் நிலப்பத்திர நகலையும் பிள்ளையின் சர்டிபிகேட்டையும் எந்தச் சரஸ்வதி எடுத்துக் கொடுப்பாள்? (அந்தப் புகை யந்திரத்துக்கு நல்லதுமல்ல.)

பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. பெட்டியொன்றில் போட்டால் இன்னொரு நகல் வைக்க இடமாயிற்று. இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு யு.எஸ்.பி. கம்பியின் மின்சாரமே பெரும்பாலும் போதும். மூன்றரை அங்குலத்துக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியே வேண்டும்.

நிற்க. பழையது என்பதற்காக எதையும் நம்பாதீர் என்று நாம் சொல்லிவருவது புராணத்துக்கு மட்டுமல்ல, டிஸ்க்குக்குந்தான். டிஸ்க் தன் நோயைத் தானே குறித்து வைக்கின்றது. ஸ்மார்ட் என்னும் அக்கணக்கை இலவச மென்பொருளிலேயே பார்க்கலாம். கெட்டு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அது குப்பைக்கே. 0 ஆக இருந்தாலும் உத்தரவாதமில்லை. உள்ளே வேண்டியது ஏதேனும் இருந்தால் முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு டிஸ்க் முழுதும் ஒருதரம் எழுதிப் படித்துச் சோதிக்கவேண்டும். நாமே சோதியாமல் நம்பி, 11 வருஷத்துச் சொற்பொழிவுக் குறிப்புகளை இழந்தோம். எந்தக் கிரகமும் காரணமல்ல, நமது சோம்பேறித்தனமே.

ஆகவே பழைய டிஸ்க் இரண்டாவது, மூன்றாவது நகலாயிருக்கலாமே யொழிய ஒரே நகலாயிருக்கக்கூடாது. எழுதியபின் கழற்றி, உறவினர் வீட்டில் வையுங்கள். வருஷம் இருமுறையாவது எடுத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். ஆயுத பூசைக்கு லீவுதானே, அன்றைக்கே பார்க்கலாம்.