வேலைநிறுத்தமும் வான்பயணியின் உயிரும்

உழைப்போர் தம் உரிமைக்காகப் பணியை நிறுத்துவது மக்களாட்சி ஏற்றுக்கொண்ட அறவழியாகும். ஆலை நின்றால் ஆக்கம் குறையும். பேருந்து நின்றால் பயணம் தடைப்படும். ஆனால் வானில் செல்லும் விமானத்தை நடுவழியில் நிறுத்திவைக்க எவராலும் இயலாது. எனவே, விமான நிலையங்கள் திடீரென மூடப்படும்போது எழ வேண்டிய முதல் வினா பயணியின் உயிருக்குக் காப்பு யாது என்பதே.

1973 மார்ச் 5. பிரான்சில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். அரசோ வான்வெளியை மூடாது, படைத்துறையினரை அப்பணியில் அமர்த்தியது. பால்மாவிலிருந்தும் மாட்ரிட்டிலிருந்தும் இலண்டன் நோக்கிச் சென்ற இரு ஸ்பானிய விமானங்கள் ஒரே உயரத்தில் நான்ட் நகரை நெருங்கின. தகவல் தொடர்பு சீர்குலைந்த நிலையில், காலந்தாழ்த்த வேண்டி முகிலுக்குள் வட்டமிட்ட ஒரு விமானம் மற்றதன்மீது மோதியது. ஒன்றில் இருந்த 68 பேரும் மாண்டனர். மற்றது இறக்கைமுனை சிதைந்தும் கோன்யாக் படைத்தளத்தில் இறங்கித் தப்பியது.

2010 டிசம்பர் 3 அன்று ஸ்பெயினில் கட்டுப்பாட்டாளர்கள் முன்னறிவிப்பின்றிப் பணியிலிருந்து விலகினர். அங்கே வான்வெளி மூடப்பட்டது. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வழியில் தவித்தனர். அரசு கட்டுப்பாட்டைப் படைத்துறையின் பொறுப்பில் வைத்து, மறுநாள் நெருக்கடிநிலை அறிவித்தது. பணியாளர் திரும்பிய பின்னரே வான்வெளி திறந்தது. அல்லல் பெரிதே, ஆயினும் விமானம் எதுவும் வீழவில்லை.

இவ்விரண்டும் உணர்த்துவது யாது? மூடிய நிலையம் தருவது துன்பம். தேர்ந்த கைகளின்றித் திறந்து வைத்த வான்வெளி தருவதோ பேரிடர்.

ஆயினும் மூடுதற்கும் முறை உண்டு. சென்றடையும் இடத்திற்கும், அது இயலாவிடில் மாற்று நிலையத்திற்கும், அதன் பின் மேலும் 30 நிமிடத்திற்கும் போதிய எரிபொருளை ஜெட் விமானம் ஏந்திச் செல்ல வேண்டும் என்பது பன்னாட்டு விதி. நாடு முழுவதும் ஒருசேர மூடப்பட்டால் மாற்று நிலையமும் மூடிக்கிடக்குமே! ஆதலின், வானில் உள்ள விமானங்களைத் தரையிறக்கிய பின்னரே பணியாளர் இருக்கையை விட்டு எழுதல் வேண்டும். பணியில் எத்தனை பேர் உளரோ, அதற்கேற்பவே அரசும் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்தல் வேண்டும். வேலைநிறுத்தத்தில் சேரும் கட்டுப்பாட்டாளர் 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் எனப் பிரான்சு 2023 டிசம்பரில் சட்டம் இயற்றியது. இது உரிமையைப் பறிப்பதன்று; உரிமையோடு பொறுப்பைப் பிணைப்பது.

கூலிக்கான வழக்கில் இரு தரப்பார் உண்டு. பயணி அவ்விரு தரப்பிலும் சேராதவர். அவர் உயிர் அவ்வழக்கின் பணயப்பொருளாகலாகாது.